திப்பியைத் தீவனத் தொட்டியில் போடும் முன்

சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் மாடோ ஆடோ கோழியோ வளர்ப்பவர் என்றால் உங்களுக்குத் திப்பியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் வேண்டிய மாவுப்பாலைப் பிழிந்து எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. சேகோ ஆலைகளை ஒட்டிய களங்களில் அறுவடைக் காலம் முழுக்க இது காய்ந்துகொண்டிருக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்கும் இப்போது இது மூட்டையாக வந்து சேருகிறது. "மக்காச்சோளத்துக்குப் பதில் இதைப் போடலாமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

போடலாம். ஆனால் மூன்று காரியங்களைச் செய்துவிட்டுத்தான் போட வேண்டும். நஞ்சு போயிருக்க வேண்டும், ஈரம் போயிருக்க வேண்டும், இதில் இல்லாத புரதத்தை வேறொன்றால் ஈடுகட்டியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மலிவாகக் கிடைத்த பொருள் நட்டத்தில் கொண்டுபோய் விடும்.

இப்போது ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது?

மக்காச்சோளம்தான் காரணம். 2018இல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்ததிலிருந்து அந்தப் பயிர் படாதபாடு படுகிறது. அண்மை ஆண்டுகளில் எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கிவிட்டன. கோழிக்கும் மாட்டுக்கும் போக வேண்டிய தானியத்துக்குப் போட்டி கூடிவிட்டது. கோழிப்பண்ணைச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனத்துக்கே போகிறது. அதனால்தான் எல்லோரும் கையருகே கிடக்கும் மிச்சங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மரவள்ளியில் மிஞ்சுபவை எவை?

நான்கு. கிழங்கின் தோல், அரைத்துப் பிழிந்த திப்பி, வயலில் நிற்கும் இலை, ஆலையிலிருந்து ஓடும் கழிவுநீர். ஒரே செடியிலிருந்து வந்தாலும் இவற்றின் குணம் ஒன்றல்ல. திப்பி ஓரளவு பாதுகாப்பானது. தோலையும் இலையையும் பக்குவப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும். கழிவுநீர்ப் பக்கம் ஆடுமாடுகளை விடவே கூடாது.

மரவள்ளியில் நஞ்சு இருப்பது உண்மையா?

உண்மைதான். கிழங்கிலும் தோலிலும் இலையிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. (லினமாரின்: சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும், சயனைடை வெளிவிடக்கூடிய வேதிப்பொருள்.) செடி நல்லபடி நிற்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். தோல் நசுங்கினாலோ இலையைக் கடித்தாலோ, செடிக்குள் தனியாக இருந்த ஒரு நொதி (வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம்) அதோடு கலந்துவிடும். அப்போது ஹைட்ரோசயனிக் அமிலம் ஆவியாக வெளிவரும். உயிரைக் கொல்வது அதுதான்.

கிழங்கின் சதையில் இருப்பதைவிடத் தோலிலும் இலையிலும் இந்த நஞ்சு அதிகம். ஆடுமாடுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் லினமாரினை மிக வேகமாக உடைத்துவிடும். அதனால்தான் வரப்போரம் கட்டியிருந்த வெள்ளாடு பச்சை மரவள்ளி இலையை ஆசையாகத் தின்றுவிட்டுச் சிறிது நேரத்தில் சுருண்டு விழுகிறது.

அப்படியானால் திப்பியில் மட்டும் நஞ்சு எங்கே போனது?

தண்ணீரில் போனது. ஆலையில் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி மாவுப்பாலைப் பிரிக்கிறார்கள். அரைக்கும்போதே லினமாரின் உடைகிறது. உடைந்ததில் பெரும்பகுதி தண்ணீரோடு ஓடிவிடும். மிச்சம் களத்து வெயிலில் ஆவியாகிவிடும். அதனால்தான் நன்றாகக் காய்ந்த திப்பியில் நஞ்சு மிகக் குறைவு. ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் மாட்டைத் தண்ணீர் குடிக்க விடக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். கிழங்கிலிருந்து கரைந்த நஞ்சு அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

தோலை எப்படிப் பக்குவப்படுத்துவது?

பலரும் தோலை அப்படியே தரையில் பரப்பிவிட்டு இரண்டு நாளில் அள்ளிவிடுகிறார்கள். அது போதாது. முதலில் மண் போக அலசுங்கள். பிறகு சிறு துண்டுகளாக நறுக்குங்கள், அல்லது துருவுங்கள். எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவுக்கு நொதி வேலை செய்யும், நஞ்சு வெளியேறும். நசுக்கியதைச் சில மணி நேரம் குவித்து வைத்துவிட்டு, மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவிடுங்கள். ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

"காய வைப்பதற்குப் பதில் வேக வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். முழுத் துண்டாகக் கொதிநீரில் போட்டால் நொதிதான் முதலில் செத்துப்போகும். லினமாரின் உடையாமலே தங்கிவிடும். அது மாட்டின் வயிற்றுக்குள் போய் அங்கே உடையும். ஆகவே முதலில் நசுக்க வேண்டும், சூடு பிறகுதான். வேக வைக்கத்தான் வேண்டும் என்றால் நசுக்கி, சில மணி நேரம் விட்டு, அதன்பின் வேக வையுங்கள். அந்தத் தண்ணீரை ஆடுமாடு எட்டாத இடத்தில் கொட்டுங்கள்.

உலகிலேயே அதிகமாக மரவள்ளி விளைவிக்கும் நாடு நைஜீரியா. அங்கே தோல் மலைமலையாகக் குவிந்து அழுகிக் கிடந்தது. மழைக்காலத்தில் அதைக் காய வைக்கவும் வழியில்லை. இபதான் நகரில் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்கு ஒரு முறை கண்டார்கள். தோலைத் துருவி, சாக்கில் கட்டி அழுத்திப் பிழிந்து, உதிர்த்து, சலித்து, பிறகு வெயிலில் காய வைப்பது அல்லது பெரிய சட்டியில் வறுப்பது. பிழிந்து எடுத்தால் தண்ணீரின் பெரும்பகுதி அப்போதே போய்விடும். நாள்கணக்கில் காய்ந்தது ஒரு பகலுக்குள் காய்ந்துவிடுகிறது. மூன்று டன் பச்சைத் தோலில் ஏறக்குறைய ஒரு டன் காய்ந்த தீவனம் கிடைக்கும். சலித்ததில் நைசானது கோழிக்கும் பன்றிக்கும் போகிறது, கொரகொரப்பானது ஆடுமாட்டுக்குப் போகிறது. தேவைப்படும் கருவிகள் கிழங்கு துருவும் எந்திரமும் அழுத்தும் திருகும்தான். நம் பக்கத்தில் இதை ஒரு குழுவாகச் சேர்ந்து செய்தால் நன்றாக வரும் என்றே நினைக்கிறேன்.

மாடு நஞ்சைத் தின்றுவிட்டால் எப்படித் தெரியும்?

மூச்சு வாங்கும். வாயில் நுரை தள்ளும். கால் தடுமாறும், விழுந்து உதறும். ஈறும் கண்ணின் உள்சதையும் வழக்கத்தைவிடச் செக்கச் சிவந்து தெரியும். ரத்தத்தில் உயிர்வளி இருந்தும் உடல் அதைப் பயன்படுத்த முடியாமல் போவதால் வரும் சிவப்பு அது.

இப்படிக் கண்டால் கைவைத்தியத்தில் நேரத்தை விடாதீர்கள். தின்ற தீவனத்தை உடனே அகற்றுங்கள், மாட்டை ஓட்டவோ அலைக்கழிக்கவோ வேண்டாம், கால்நடை மருத்துவரை அழைத்து "மரவள்ளி தின்றுவிட்டது" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்ற மருந்துகளை ரத்தக்குழாயில் ஏற்றினால் காப்பாற்ற முடியும். காரணம் தெரிந்தால்தான் அவர் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு வருவார். இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

சரி, நஞ்சு போய்விட்டது. திப்பியில் சத்து என்ன இருக்கிறது?

மாவுச்சத்து இருக்கிறது. ஆலை எவ்வளவுதான் பிழிந்தாலும் காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து தங்கிவிடும். ஆகவே மாட்டுக்கு இது நல்ல எரிபொருள். ஆனால் புரதம் ஏறக்குறைய இல்லை. மக்காச்சோளத்தில் 100 கிலோவுக்குச் சுமார் 9 கிலோ புரதம் இருக்கும். திப்பியில் 2 கிலோதான். தோல் கொஞ்சம் மேல், 5 கிலோ அளவுக்கு வரும். ஆனால் தோலில் நார் கூடுதல்.

பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அதே எடைக்குத் திப்பியைப் போடுகிறார்கள். மாடு வயிறாரத் தின்கிறது. பால் மட்டும் மெல்ல இறங்குகிறது. காரணம் புரியாமல் இன்னும் கொஞ்சம் திப்பியை அள்ளிப் போடுகிறார்கள்.

சரியாக மாற்றுவது இப்படி. 20 கிலோ மக்காச்சோளத்தை எடுக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் 16.5 கிலோ திப்பியும் 3.5 கிலோ கடலைப் புண்ணாக்கும் சேர்க்க வேண்டும். புண்ணாக்கில் 42 சதவீதம் புரதம் என்று கொண்டால், எடுத்த புரதமும் போட்ட புரதமும் 1.8 கிலோவில் ஒத்துப்போகும்.

இதில் பணம் மிஞ்சுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய், கடலைப் புண்ணாக்கு 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ மக்காச்சோளத்துக்கு 500 ரூபாய். 3.5 கிலோ புண்ணாக்குக்கு 157 ரூபாய் 50 காசு போக, மீதி 342 ரூபாய் 50 காசு. அதை 16.5ஆல் வகுத்தால் 20 ரூபாய் 75 காசு. அதாவது உங்கள் கொட்டகைக்கு வந்து இறங்கும்போது காய்ந்த திப்பி அந்த விலைக்குக் கீழே இருந்தால்தான் லாபம். திப்பியில் நார் கூடுதல் என்பதால் கிடைக்கும் ஆற்றல் மக்காச்சோளத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே இன்னும் சில ரூபாய் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் ஊர் விலையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

ஈரத் திப்பி வாங்குபவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஈரத் திப்பியில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். ஒரு டன் வாங்கினால் உள்ளே இருக்கும் உலர்பொருள் (தண்ணீர் நீக்கிய எடை) 200 கிலோதான். 12 சதவீத ஈரம் வரும்வரை காய வைத்தால் கையில் நிற்பது 227 கிலோ. கிலோ 2 ரூபாய்க்கு வாங்கிய ஈரத் திப்பி காய்ந்தபின் கிலோ 8 ரூபாய் 80 காசு ஆகிவிடும். வண்டி வாடகையும் கூலியும் அதற்கு மேல். ஆலையிலிருந்து வெகு தூரத்தில் இருப்பவர் ஈரத் திப்பியை ஏற்றிவருவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதுதான்.

கறவை மாட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அடர்தீவனக் கலவையில் (புண்ணாக்கு, தானியம், தவிடு சேர்ந்த தீவனம்) ஐந்தில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். கால் பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. 100 கிலோவுக்கு ஒரு மாதிரிக் கலவை சொல்கிறேன்: மக்காச்சோளம் 30 கிலோ, திப்பி 20 கிலோ, கடலைப் புண்ணாக்கு 27 கிலோ, எண்ணெய் எடுத்த தவிடு 20 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ. இதில் புரதம் 17 சதவீதம் அளவுக்கு வரும்.

ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 10 முதல் 14 நாளில் முழு அளவுக்குப் போங்கள். மாவுச்சத்து திடீரென்று அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மொத்தமாகக் கொட்டி மாடு படுத்துவிடும் சங்கதியைக் கிராமத்தில் எல்லோரும் அறிவார்கள். திப்பியை அளவின்றிக் கொடுத்தாலும் அதே கதைதான். அசைபோடுவது நின்றாலோ சாணம் தண்ணீராகப் போனாலோ திப்பியை நிறுத்திவிட்டு வைக்கோல் கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சைப்புல்லும் வைக்கோலும் எப்போதும் போல் இருக்க வேண்டும். திப்பி அவற்றுக்கு மாற்று ஆகாது.

"புரதம் குறைவென்றால் யூரியா சேர்த்துவிடலாமே" என்று சிலர் யோசனை சொல்வார்கள். வளர்ந்த மாட்டுக்கு மருத்துவர் அளவு சொல்லி, அவர் மேற்பார்வையில் செய்வது வேறு. கையளவில் அள்ளிப் போட்டால் அதுவும் நஞ்சுதான். கன்றுக்கும் கோழிக்கும் யூரியா கூடவே கூடாது.

ஆட்டுக்கு?

கொட்டிலில் வளர்க்கும் ஆட்டுக்குக் காய்ந்த தோலும் திப்பியும் நன்றாக ஒத்துவரும். அளவும் மாட்டைப் போலத்தான். ஆட்டுக்காரர்கள் அஞ்ச வேண்டியது பச்சை இலைக்குத்தான். அறுவடை நேரத்தில் ஒடித்துப் போட்ட கொழுந்தைப் பசித்த மந்தை தின்ன விடாதீர்கள். இலையைக் கொடுக்க விருப்பம் என்றால் நறுக்கி, சருகாகும்வரை வெயிலில் உலர்த்திக் கொடுங்கள். அப்படி உலர்த்திய இலையில் புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாது. திப்பியில் இல்லாததை அதே செடியின் இலை ஓரளவு தந்துவிடும்.

கோழிக்குப் போடலாமா?

இங்கே நிதானம் வேண்டும். கோழிக்கு மாட்டைப் போல நாரைச் செரிக்கும் வயிறு இல்லை. முட்டைக்கோழித் தீவனத்தில் திப்பியை 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு வேண்டாம். தோலுரித்துக் காய வைத்த கிழங்கு மாவாக இருந்தால் நார் குறைவு என்பதால் இன்னும் கூடுதலாகப் போடலாம்.

புரதத்தைச் சரிக்கட்டினால் மட்டும் கோழிக்குப் போதாது. மரவள்ளியில் மிச்சமிருக்கும் சிறிதளவு சயனைடைக் கோழியின் உடல் தானே முறித்துக்கொள்ளும். அதற்குக் கந்தகம் தேவை. அந்தக் கந்தகத்தை மெத்தியோனின் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) போன்றவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே குறைவாக இருப்பது இன்னும் குறையும். முட்டை சிறுத்துவிடும், இறகு சரியாக வளராது. கடைகளில் மெத்தியோனின் தூளாகவே கிடைக்கிறது. கருவாட்டுத் தூளிலும் அது நன்றாக இருக்கிறது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை உங்கள் கலவையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கரு வெளுத்துப்போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நிறம் மஞ்சள் மக்காச்சோளத்தில் இருக்கும் நிறமிகளால் வருவது. திப்பியில் அது கிடையாது. சத்தில் பெரிய குறை ஒன்றுமில்லை, ஆனால் வாங்குபவர் முகம் சுளிப்பார். உலர்ந்த முருங்கைக்கீரை கொஞ்சம் சேர்த்தால் நிறம் திரும்பும். திப்பித் தூள் பறக்கும் என்பதால் சிறிது எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். இல்லையென்றால் தூசி மூக்கில் ஏறிக் கோழி தும்மிக்கொண்டே இருக்கும்.

மூட்டை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஈரம், பூஞ்சணம், மண். இந்த மூன்றும்தான்.

நல்ல திப்பி வெளிர் நிறமாக இருக்கும், அள்ளினால் உதிரும், புளித்த வாடை வராது. கட்டி கட்டியாக இருந்தாலோ, கறுப்பு, பச்சைத் திட்டுகள் தெரிந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் திட்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பூஞ்சணம் விடும் அஃப்ளாடாக்சின் (ஈரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சு) கண்ணுக்குத் தெரியாது, காய வைத்தாலும் போகாது. கோழிக்கு ஈரல் கெடும். மாட்டுக்குக் கொடுத்தால் ஒரு பகுதி பாலில் இறங்கும், அந்தப் பாலை உங்கள் வீட்டுக் குழந்தையும் குடிக்கும்.

ஈரம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி திப்பியைப் போடுங்கள். அதில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு கரண்டி சேர்த்து, மூடிச் சில நிமிடம் குலுக்கி நிறுத்துங்கள். உப்பு பாட்டிலின் பக்கங்களில் ஒட்டினால் ஈரம் மிகுதி, மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒட்டாமல் கீழே இறங்கினால் வாங்கலாம்.

மண்ணுக்கு, ஒரு பிடி திப்பியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கித் தெளிய விடுங்கள். அடியில் மணல் எவ்வளவு படிகிறது என்று பாருங்கள். மண் தரையில் காய வைத்த திப்பியில் நீங்கள் திப்பி விலைக்கு மணலும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, ஈரத் திப்பியாகவே கொடுக்க முடியாதா?

அன்றன்றைக்கு வாங்கி அன்றே மாட்டுக்குக் கொடுப்பதென்றால் முடியும். ஓரிரு நாள் வைத்தாலே புளித்துப் பூஞ்சணம் பூத்துவிடும். சேர்த்து வைக்க வேண்டுமானால் ஊறுகாய்ப்புல் போடும் முறைதான் வழி. பிளாஸ்டிக் பீப்பாயில் திப்பியை அடுக்கடுக்காகப் போட்டு, 100 கிலோவுக்கு அரை கிலோ உப்புத் தூவி, காற்று இல்லாமல் மிதித்து அழுத்தி, இறுக மூடுங்கள். மூன்று வாரம் தொட வேண்டாம். திறக்கும்போது இனிய புளிப்பு வாடை வந்தால் நன்றாக வந்திருக்கிறது. நாற்றமடித்தால் எருக்குழிக்குத்தான். திறந்தபின் தினமும் மேலடுக்கிலிருந்து எடுத்து மறுபடி மூடிவிடுங்கள்.

எங்கே பரிசோதிப்பது?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனங்களைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகம் இருக்கிறது. பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோவைச் சுத்தமான உறையில் கட்டிக் கொண்டுபோங்கள். ஒரே மூட்டையின் மேல்வாயில் அள்ளியது மொத்தச் சரக்கைக் காட்டாது. ஈரம், புரதம், மணல், அஃப்ளாடாக்சின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தோலாக இருந்தால் சயனைடையும் சேர்த்துக் கேளுங்கள். மணல் 4 சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்தத் தாளை வியாபாரியிடம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.